ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வழிகாட்டியோடு பழைய நகரைச் சுற்றிப் பார்க்கும் எங்கள் நடைக்குப் பதிவு செய்கிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: “ஒன்றரைக் கிலோமீட்டர்தானே, அரை மணியில் நடந்துவிடலாமே, எதற்கு இரண்டரை மணி நேரம்?” நியாயமான கேள்வி. தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்வதைவிட ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நடக்க அரை மணிதான் ஆகும். மீதி நேரமெல்லாம் நிற்பதற்கு.

முதலில் ஒரு தெருமுனையில் நிறுத்துவோம். சுவரின் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சாய்வாகப் பதிந்திருக்கும். வண்டி திரும்பும்போது சக்கரத்தின் நடுவில் துருத்தி நிற்கும் குடம் சுவரை இடித்துப் பெயர்த்துவிடாமல் இருக்க வைத்த கல் அது. குனிந்து கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழவென்றும் இருக்கும். வண்டிகள் எந்தப் பக்கமாக அதிகம் உரசின என்பதை அந்தத் தேய்மானமே சொல்லிவிடும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரில், தெருவோரக் கற்கள் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்தே எந்தெந்தத் தெரு ஒருவழிப் பாதையாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஒரு கல்லுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால்தான் இது கைக்குப் புரியும்.

அப்புறம் மேலே பார்க்கச் சொல்வோம். சில வீடுகளின் சுவரில் நட்சத்திரம் போலவோ பெருக்கல் குறி போலவோ இரும்புத் துண்டுகள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உள்ளே தளத்தோடு ஓடும் இரும்புக் கம்பியின் முனை அது. வெளிப்பக்கம் பிதுங்கத் தொடங்கிய சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்கு நடந்த வைத்தியம் என்றே சொல்லலாம்.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களைப் பற்றியும் கேட்பீர்கள். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. அதிலிருந்து தப்பிக்க ஜன்னலை அடைத்தவர்கள் ஏராளம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று, கட்டும்போதே போலி ஜன்னலாக விட்டதும் உண்டு. அதனால் அடைத்த ஜன்னலைக் கண்டதும் வரிக் கதையைச் சொல்லிவிட மாட்டோம்.

கதை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோட்டைகளின் சுழல் படிக்கட்டு வலப்பக்கமாகச் சுழன்று ஏறுவது, கீழிருந்து வரும் எதிரி வலக்கையால் வாள் வீச முடியாமல் இருக்கத்தான் என்று எங்கள் வழிகாட்டிகளும் முன்பு சொல்லிவந்தார்கள். கேட்டவர்கள் ரசித்தார்கள். ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. இடப்பக்கம் சுழலும் படிக்கட்டுகளும் கோட்டைகளில் இருக்கின்றன. சரி, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நீங்கள் பணம் கொடுத்து, நம்பி வருகிறீர்கள். வீட்டுக்குப் போய்க் குழந்தைகளிடம் திரும்பச் சொல்லப்போகிற விஷயம் பொய்யாக இருக்கக் கூடாது.

“இதெல்லாம் உண்மையிலேயே பழசுதானா?” என்றும் சிலர் கேட்பார்கள். எங்கள் வழியில் இரண்டு முகப்புகள் பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை. அங்கே நின்று அதைச் சொல்லிவிடுவோம். அதனால் அவற்றின் மதிப்பு குறைவதாக நாங்கள் நினைக்கவில்லை. போலந்தின் வார்சா நகரில் பழைய பகுதி 1944இல் கிட்டத்தட்ட முழுவதும் தகர்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெல்லோட்டோ அந்த நகரைப் பார்த்து வரைந்த ஓவியங்களையும் போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்களையும் துணையாகக் கொண்டு மக்கள் அதை எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஒரு ஊர் தன் தெருவை எவ்வளவு நேசித்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒலிபெருக்கியும் கிடையாது. சந்துகள் குறுகல் என்பது ஒரு காரணம்தான். நாம் நின்று பேசும் இடம் யாரோ ஒருவரின் வாசல். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான்.

காலையில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. வெயில் சாய்வாக விழும்போது மட்டுமே கல்லில் உளி போன தடம் எழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே சுவர் வெறும் சுவராகிவிடும். அதனால் சரியான நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

கல் பாவிய தரை என்பதால் தட்டையான, பிடிப்புள்ள செருப்பு போதும். குதிகால் உயர்ந்தது வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். படி இல்லாத மாற்று வழி ஒன்று இருக்கிறது. அதில் அந்தத் தெருமுனைக் கல்லும் வரும்.

அன்புடன்,
உங்கள் நடைக் குழுவினர்