ட்ரஃப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி வட்டாரங்களில் தேயிலைத் தொழிற்சாலைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் நிர்வாகத்தினருக்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

சீசன் வந்தால் உங்கள் வாசலில் வேன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வருகிறவர் டிக்கெட் வாங்குகிறார். சீன மன்னர் படம் போட்ட பலகையைப் படிக்கிறார், ஓடும் மெஷினை வீடியோ எடுக்கிறார், ஏலக்காய் டீ ஒரு மடக்கு குடித்துவிட்டு சாக்லேட் கவுன்டருக்குப் போய்விடுகிறார். நல்ல தூளுக்கும் மட்டமான தூளுக்கும் என்ன வித்தியாசம் என்று வெளியே வரும்போதும் அவருக்குத் தெரியாது. கொழுந்து பறிப்பவர்கள், சிறு விவசாயிகள், தொழிற்சாலைத் தளத்தில் நிற்பவர்கள் சேர்ந்து உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மெஷினுக்கு முன்னால் இருக்கும் ட்ரஃபை, அதாவது பறித்த இலையைப் பரப்பி வாட்டும் வலைத் தொட்டியைக் காட்டுங்கள். ரோலரில் விழும் முன்பே டீயின் தலையெழுத்து ஏறக்குறைய எழுதியாகிவிடுகிறது.

பறித்த பசுந்தேயிலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணைத் தூளாக்கும் சி.டி.சி. மெஷினுக்குப் போகும்போது அது 70 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் டீ என்றால் 55–60 வரை. இதற்குத்தான் வலை மேல் இலையைப் பரப்பி அடியிலிருந்து ஃபேன் ஓட்டுகிறோம். சதுர அடிக்கு 2½ முதல் 3 கிலோ வரை போடலாம். அதற்கு மேல் குவித்தால் காற்று ஏறாது. அடி இலை வாடும், மேல் இலை பச்சையாகவே கிடக்கும். இடையில் கிளறிவிட வேண்டும், அதையும் இலை நசுங்காமல் செய்ய வேண்டும்.

அனல் காற்றை ஊதி நான்கு மணி நேரத்தில் முடித்துவிட்டால் என்ன என்று பயணிகளில் யாராவது கேட்பார். நல்ல கேள்வி. தண்ணீர் வற்றும், ஆனால் டீ வராது. இலை வாடிக்கிடக்கும் 12 முதல் 16 மணி நேரத்தில் அதற்குள்ளேயே வேலை நடக்கிறது. புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது, வாசனைக்கான பொருள்கள் உருவாகின்றன, கஃபீன் கொஞ்சம் கூடுகிறது. இதை அவசரப்படுத்த வழியில்லை. தென்மேற்குப் பருவமழையில் இலை சொட்டச் சொட்ட வரும். அப்போது முதலில் வெறுங்காற்றில் மேல் ஈரத்தை ஓட்டிவிட்டு, பிறகுதான் மிதமான சூடு கலக்க வேண்டும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் இலை ஓரம் கருகத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் காற்றே வறண்டிருப்பதால் பாதித் தொல்லை இல்லை.

இப்போது பயணியின் கையில் ஒரு பிடி வாடிய இலையைக் கொடுங்கள். இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரிக்கச் சொல்லுங்கள். வாட்டல் சரியாக இருந்தால் இலை உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்டை மடித்தால் வளையும். வாடாத இலை ஸ்பிரிங் போல உடனே விரியும், தண்டு டக்கென்று ஒடியும். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதில் கிடைக்காத பாடம் இது. சுகாதார விதி குறுக்கே வரும் என்றால் ஒரு தட்டில் தனியே எடுத்து வையுங்கள். அந்த இலை மெஷினுக்குத் திரும்பப் போக வேண்டாம்.

வாட்டல் தவறினால் மற்ற எல்லாமே தவறும். ஈரம் மிஞ்சிய இலை ரோலரில் கூழாகி சாறு வழியும். புளிக்கவைக்கும்போது கட்டி கட்டியாக நின்று சில இடம் சிவக்கும், சில இடம் பச்சையாக இருக்கும். டிரையரிலும் அந்த ஈரத்தை ஒரே மூச்சில் விரட்ட முடியாமல் தூள் வெந்துவிடும். கோப்பையில் அது உப்புச்சப்பில்லாமல் தெரியும். டிரையர் சூட்டை ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் துகளின் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். நாளானால் பூசணம் வாடை வரும். டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் நூற்றுக்கு 3 பங்கு அளவில் இருக்க வேண்டும்.

ட்ரஃபுக்கும் முந்தைய இடம் ஒன்று உண்டு. சாக்கு. பிளாஸ்டிக் சாக்கில் அமுக்கி அமுக்கித் திணித்த கொழுந்து வண்டி வருவதற்குள் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை எந்த ட்ரஃபும் காப்பாற்றாது. இதையும் சொல்லுங்கள். தோட்டத்தில் குறை இருந்தால் அதை மறைக்க நாங்கள் கேட்கவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டு என்ற படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, கத்திரியில் வெட்டிய முற்றல் இலையை அரைப்பதும் இந்த மலையில் நடப்பதுதான். கூடவே ஒரு கணக்கையும் சொல்லுங்கள்: ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். அதைக் கேட்டவர் அப்புறம் விலை பேசும் விதமே மாறும்.

அடுத்தது உங்கள் பலகை. கி.மு. 2737-இல் ஷென் நோங் மன்னரின் கொதிநீரில் இலை விழுந்த கதையை வரலாறாக எழுதி வைத்திருக்கிறீர்கள். கதை என்றே போடுங்கள், கூட்டம் குறையாது. சான்று வேண்டுமானால், கி.மு. 141-இல் இறந்த ஹான் மன்னர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் கிடைத்த தேயிலை இருக்கிறது. கி.மு. 59-இல் சிச்சுவானில் வாங் பாவ் எழுதிய அடிமை ஒப்பந்தம், தேநீர் காய்ச்சுவதையும் வாங்கி வருவதையும் வேலைப் பட்டியலில் சேர்க்கிறது. சீனாவில் நெடுங்காலம் இலையை ஆவியில் அவித்து, வில்லையாக அழுத்தி, பொடித்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். பாலும் சர்க்கரையும் போட்ட நம் டீயோடு அதைக் குழப்ப வேண்டாம்.

பலகையில் மீதி இடத்தை நம் மலைக்குக் கொடுங்கள். 1835-இல் கேத்தி அரசுப் பண்ணையில் சோதனையாக நட்ட செடிகள், தியாஷோலாவிலும் நடுவட்டத்திலும் வேலை வாங்கப்பட்ட சீனக் கைதிகள், இலைத்துரு நோயில் காப்பி விழுந்த பிறகு பரவிய தேயிலை, எல்லாம் இங்கே நடந்தவை. இலங்கையின் மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி இல்லை. அவர்களுக்கு வேலை தரத்தான் 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. கைதிக்குக் கிடைத்த இடம் பறித்தவருக்கும் கிடைக்கட்டும்.

கிரீன் டீ, ஒயிட் டீ, பிளாக் டீ மூன்றும் தனித்தனிச் செடி என்று சில வழிகாட்டிகள் சொல்வது எங்கள் காதில் விழுகிறது. ஒரே செடிதான், பக்குவம்தான் வேறு. உடம்பு இளைக்கும் என்று சொல்லி விற்பதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ருசி மேஜை. ஏலக்காய், சாக்லேட் வாசனை டீ இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு முன்னால் இரண்டு வெள்ளைக் கோப்பை வையுங்கள். ஏலத்துக்கு ருசி பார்ப்பவர்களின் அளவு 140 மில்லி கொதிநீருக்கு 2.8 கிராம் தூள், ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிப்பது. ஒன்றில் சரியாக வாடிய இலைத் தூள், மற்றதில் வாட்டல் குறைந்தது. பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஸ்பூன் போதும். தூள் செலவை எங்களிடம் கேளுங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரியின் கொழுந்து பறிப்போர், சிறு தேயிலை விவசாயிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சிலர்