பாம்பை அடிப்பது பிறவிக் குணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டில் மழை தொடங்கிவிட்டால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைச் சுற்றிப் பாம்பு தென்படுவதும், ஆள் கூடி அதை அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அண்மையில் எங்கள் தெருவில், வயலெலியைத் தின்று வாழும், நஞ்சில்லாத ஒரு சாரைப்பாம்பை, பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க அடித்துக் கொன்றார்கள். கேட்டால், "பாம்பைக் கண்டா அடிக்கிறது மனுஷனோட பிறவிக் குணம்" என்கிறார்கள். இதை என்னால் ஏற்க இயலவில்லை.

கற்றுக்கொடுக்காமலே வரும் செயல்கள் உயிர்களுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கூட்டை விட்டு உருண்ட முட்டையைக் காட்டு வாத்து அலகால் உள்ளே இழுக்கும்போது, நடுவில் முட்டையை எடுத்துவிட்டாலும் அது வெறுமனே இழுத்து முடிக்கும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த அறிஞர்களான கான்ராட் லோரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் கண்டறிந்தார்கள். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர்கள் இருவர். ஆனால் விலங்குகளிடத்தும் எல்லாம் இப்படி அச்சில் வார்த்தது போல் அமைவதில்லை. தூக்கணாங்குருவிக்குக் கூடு பின்னும் உந்துதல் பிறவியிலேயே உண்டு. எனினும் இளம் ஆண் குருவி முதலில் பின்னும் கூடு ஒழுங்கற்றுத்தான் இருக்கும், பின்னப் பின்னத்தான் கை தேறும்.

பாம்பச்சமும் இவ்வகைப்பட்டதே. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்த பிறகே அவையும் அஞ்சத் தொடங்கின. அதே முறையில் பூவைக் கண்டு அஞ்சும்படி அவற்றைப் பழக்க முடியவில்லை. பாம்புக்கு அஞ்சக் கற்பதற்கான ஆயத்தம் பிறப்பில் இருக்கிறது, அச்சத்தை மூத்தவைதான் ஊட்டுகின்றன என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள். கம்பெடுத்து அடிப்பதோ அச்சத்திற்கும் அப்பாற்பட்டது. அது முழுக்க நாம் பழக்கிவிடுவது.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களுக்கு நாரைகள் வந்து கூடு கட்டுவது இயல்பூக்கம், அதாவது கற்றுக்கொடுக்காமலே வரும் உந்துதல். அவ்வூர்ச் சிறுவர்கள் வெடியைத் தொடாமலிருப்பது பெரியவர்களைப் பார்த்து வந்தது.

ஆகவே, வீட்டில் பாம்பைக் கண்டால் பிள்ளைகளை விலக்கி நிறுத்திவிட்டு, தீயணைப்பு மீட்புப் பணித்துறையினரை அழைக்குமாறும், அவர்கள் அதை உயிரோடு பிடித்துச் செல்வதைப் பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கவிடுமாறும் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர், காரைக்குடி