எங்கட ஆக்கள்ட ஊரெல்லாம் தேடித் தந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இது கொஞ்சம் நீட்டு, பொறுத்துக்கொள்ளுங்க. எங்கட குடும்பத்து ஆக்கள் எந்தெந்த ஊர்ல இருந்து வந்தாங்க எண்டு நான் தேடித் திரிஞ்சது உங்கள்ல கனபேருக்குத் தெரியும், கேட்டுக் கேட்டு உங்கட உயிர எடுத்ததும் தெரியும். இப்ப அம்மாட பக்கமும் அப்பாட பக்கமும் ஊர்ப் பேரோட பிடிபட்டுட்டு. ஒவ்வொராளுக்கும் ஃபோன்ல சொன்னதுதான், எண்டாலும் எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் சொல்லோணும்.

முதல் நன்றி மண்டூர் மாமிக்கு. "அப்பன்மார்ட பேரப் பிடிச்சிக்கிட்டு ஓடாத மனே, பொம்பிளையள்ட வளவப் பிடி" எண்டு ஒரு சொல்லுல வழி காட்டினவ அவதான். எங்கட மட்டக்களப்புப் பக்கம் வீடும் வளவும் பொம்பிளப் பிள்ளைக்குத்தானே, மாப்பிளதான் உடுப்புப் பெட்டியோட பொம்பிள வீட்டுக்குப் போறது. அப்பாட வழியப் பாருங்க, பூட்டன் மகிழடித்தீவு, அவர் முடிச்சது செட்டிபாளையம், அவர்ட மகன் களுதாவளைக்குப் போயிட்டார், அவர்ட மகன், அதான் எங்கட அப்பா, கல்லடில வந்து குந்திட்டார். தலைமுறைக்கு ஒரு ஊர். அம்மாட வழி அப்பிடி இல்ல, அம்மப்பாக்கு டவுண்ல வேலை கிடைச்சு கல்லடில வளவு வாங்குறவரைக்கும் எல்லாரும் மண்டூர்ல ஒரே ஒழுங்கைக்குள்ளதான் இருந்திருக்காங்க.

ஆனா கைல கடதாசி ஒண்டும் இல்ல. அம்மம்மாட ட்ரங்குப் பெட்டி 78 சூறாவளில கூரை போன வீட்டுக்குள்ள நனைஞ்சும் தப்பினது, 2004 சுனாமில கல்லடி வீட்டோட போயிட்டு. அதால கனடால இருக்கிற தாத்தாவுக்கு, அவர் அம்மம்மாட மாமன்ட மகன், ரெண்டாவது நன்றி. அம்பதுகள்ல பிறந்த மனிசன், ஊர விட்டுப் போகக்குள்ள கொண்டுபோன ஃபைல அப்பிடியே வச்சிருக்கார். அதுல அவர்ட பிறப்புப் பத்திரத்த வாட்சப்ல அனுப்பினார். பாட்டனார், அதாவது தகப்பன்ட தகப்பன், இலங்கைல பிறந்திருந்தா அவர்ட முழுப்பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எண்டு அதுல ஒரு இடம் இருக்கு, நாங்க யாரும் அத வாசிக்கிறல்ல. அவர்ட பாட்டனார்தான் எங்கட பூட்டிட, அதான் அம்மம்மாட அம்மாட, அப்பா. பிறந்த இடம் தம்பிலுவில், மட்டக்களப்பு எண்டு கிடக்கு. தாத்தாட பேரப்பிள்ளையள் தம்பிலுவில் அம்பாறை மாவட்டமெல்லோ, பத்திரம் பிழையா எண்டு கேட்டிருக்குதுகள். அம்பாறை மாவட்டத்த 1961லதான் பிரிச்சது, அதுக்கு முதல் பிறந்த ஆக்கள்ட பத்திரத்துல கல்முனையும் காரைதீவும் திருக்கோவிலும் எல்லாம் மட்டக்களப்புத்தான். சொந்தத் தாயிட தகப்பன்ட விபரம் வேணுமெண்டா தாய்மாமன்ட பிள்ளையள்ட பத்திரத்தத் தேடுங்க, உங்கடதுல அது வராது.

மறுகா ஒரு உறுதி, அதான் காணி எழுதின பத்திரம். மாமி அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழ இருந்து எடுத்துத் தந்தா, பூட்டிட சீதன உறுதி, நாலா மடிச்சு மடிச்ச இடமெல்லாம் ஓட்டை. எனக்கு அந்த எழுத்து ஒரு வரியும் விளங்கல்ல. முந்தி உறுதி எழுதுற நொத்தாரிசு ஐயா ஒராள்ட்ட கிளாக்கரா இருந்த களுவாஞ்சிக்குடிப் பெரியவர்தான் கண்ணாடியக் கழட்டிட்டு கடதாசிய மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு வாசிச்சார். வடக்கு ஒழுங்கை, கிழக்கு அக்காட வளவு, தெற்கு சின்னம்மாட வளவு, மேற்கு தாயாருக்குச் சீவியமட்டும் விட்ட பங்கு. எல்லையில இருந்த அவ்வளவு பேரும் ஒரு வயித்துச் சனம்! கீழ தாயும் தகப்பனும் பெருவிரல் வச்சிருக்காங்க, தாயிட ரேகை இன்னும் தெளிவாக் கிடக்கு, தகப்பன்ட மை அப்பிப்போய்க் கிடக்கு. ஒரு தாள்ல நாலு பொம்பிளையள்ட பேர் கிடைச்சிட்டு. ஐயா காசு வாங்கல்ல, வெத்திலைத் தட்ட மட்டும் கிட்ட இழுத்து வச்சிக்கிட்டார்.

அதே உறுதிக்குள்ள அக்கரைப்பத்துப் பக்கம் ஒரு வயல் பங்கும் வந்திச்சு, அதுட கிழக்கெல்லைல ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பேர். அந்தப் பேரக் கொண்டுபோய் அக்கரைப்பத்துல விசாரிச்ச நேரம் வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வயல் வட்டைக்குள்ள சுத்திக்காட்டின காக்காவுக்கும் (அந்த முஸ்லிம் அண்ணன்), சாப்பிடாம விடமாட்டன் எண்டு நிண்ட அவங்கட உம்மாவுக்கும் என்ன சொல்றதெண்டு தெரியல்ல. உம்மாவுக்கு நான் விளக்கவே தேவப்படல்ல, "உம்மாட வழியா, வாப்பாட வழியா தேடுறீங்க" எண்டுதான் அவ முதல் கேட்டது. அவங்களுக்கும் குடி, அதான் வம்சப் பிரிவு, தாயாலதானே வருது. எங்கட பூட்டிட அப்பாவும் அவங்கட மூத்தவாப்பாவும் ஒரே வாய்க்கால்ல தண்ணி பங்கிட்டு வேளாண்ம செஞ்ச கதைய அவதான் சொன்னா, தண்ணிக்குச் சண்டை பிடிச்ச கதையும் சேத்து.

கோயில நிர்வாகம் பண்ற வண்ணக்கர் ஐயாவுக்கும் பெரிய கும்பிடு. திருவிழா நெருங்குற நேரம், ஆளுக்கு மூச்சு விட நேரமில்ல, எண்டாலும் இருத்தி வச்சு எங்கட குடில வண்ணக்கரா இருந்த ஆக்கள்ட பேர ஒவ்வொண்டாச் சொன்னார். தகப்பன் பேரப் பாத்தா ஒராளுக்கொராள் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஏனெண்டா அது மாமன்ட்ட இருந்து மருமகனுக்குப் போறது. பக்கத்துல அவங்கட தாய்மார்ட பேரையும் எழுதினாத்தான் சங்கிலி பூட்டும். எந்தக் குடி எண்டு இதுல எழுதல்ல, எழுதினா எந்தக் குடி பெரிசு எண்டு கதை வேற பக்கம் கிறுகிப் போயிரும்.

குருமண்வெளில பாதைல, அதான் ஆளையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற தெப்பத்துல, வேலை செய்ற தம்பிமாருக்கும் நன்றி. நான் ஏறின உடன "இவங்க ஆரையோ தேடுறாங்க" எண்டு சத்தம் போட்டுச் சொல்லிருவாங்க, மண்டூர்க் கரைக்குப் போறதுக்குள்ள எனக்கு ரெண்டு மூண்டு சொந்தக்காரர் வந்து சேந்திருவாங்க, அதுல பாதி உண்மையான சொந்தம்.

ஒரு கந்தோர்ல நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்க எண்டே அலைய விட்டாங்க, எந்தக் கந்தோர் எண்டு சொல்லல்ல. ஆனா அதே கந்தோர்ல கடைசி மேசைல இருந்த தங்கச்சி, நான் தேடின பழைய கலியாணப் பதிவ தன்ட சாப்பாட்டு நேரத்துல புத்தகம் புத்தகமாப் பிரட்டி எடுத்துத் தந்தா. பிறப்பு இடாப்பு எந்தப் பிரிவுல இருக்கும் எண்டும் அவதான் சொல்லித் தந்தா, பிறந்த இடம் எந்தப் பிரிவோ அங்கதான் பதிவு, இருக்கிற வீட்ட வச்சுத் தேடி வேலையில்ல. அந்தப் பிள்ளைக்கு நல்ல இடத்துல மாப்பிள கிடைக்கோணும்.

அப்பாட பக்கத்துல ஒரு கிளை வேதத்துக்குப் போன, அதான் கிறிஸ்தவரான, ஆக்கள். புளியந்தீவுல அவங்கட சபைப் பழைய புத்தகத்தப் பாக்க விட்ட போதகர் ஐயாவுக்கும் நன்றி. மாப்பிளட தகப்பன், பொம்பிளட தகப்பன், ரெண்டு பேர்ட ஊர் எல்லாம் வடிவா எழுதி வச்சிருக்காங்க. மகிழடித்தீவு எண்ட ஊர்ப் பேர் உறுதியானது அந்தப் புத்தகத்தாலதான், அதுவரைக்கும் அப்பாட ஆக்கள் ஆளுக்கொரு ஊர் சொல்லிக்கொண்டிருந்தவங்க.

தம்பிலுவில்ல பூட்டிட அப்பாக்கு ஒரு தங்கச்சி இருந்தவவாம், அவட பிள்ளையள் இப்ப எங்க எண்டு இன்னும் பிடிபடல்ல. திருக்கோவில் பக்கத்து ஆக்கள் யாருக்கும் தெரிஞ்சா ஒரு சொல்லு சொல்லுங்க. வம்சப் படத்த பெரிய பேப்பர்ல அடிச்சு கல்லடில இப்ப இருக்கிற வீட்டு விறாந்தைல ஒட்டியிருக்கன், வாறாக்கள் பாருங்க, பேர் பிழை எண்டா பக்கத்துல பேனை தொங்குது, நீங்களே திருத்திட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.