ஈஸ்ட் இனிச் சிறு பக்கெற்றில் மட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பரந்தன், தருமபுரம், விசுவமடுப் பக்கமிருந்து கேக் சாமானும் பாண் சாமானும் வாங்க வரும் உங்களில் பலர், அரைக் கிலோ ஈஸ்ட் பக்கெற் எங்கே என்று கேட்கிறீர்கள். சனநெரிசலில் நின்று விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறோம்.

எங்கள் கடையில் கோடா போட, அதாவது கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கான கலவையைப் புளிக்கவைக்க, ஈஸ்ட் விற்கிறார்கள் என்று ஒரு கதை அடிபடுகிறது. கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. கசிப்பால் வன்னியில் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்று எங்களுக்கும் தெரியும். அந்த வீட்டு அக்காமாரும் எங்களிடம்தான் மா வாங்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நாலைந்து பெரிய பக்கெற் கேட்டால், எந்த வெதுப்பகத்துக்கு என்று விசாரிப்போம். பதில் சரியில்லையென்றால் கொடுப்பதில்லை. என்றைக்கும் இதுதான் எங்கள் வழக்கம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் வெளியே இப்படிக் கதைக்கிறார்களோ தெரியாது. எது எப்படியோ, அந்தப் பேச்சுக்கு இடமே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். பதிவுள்ள வெதுப்பகங்களுக்கு மட்டும் அரைக் கிலோ. வீட்டுக்கு 10 கிராம் பக்கெற்.

10 கிராம் காணுமா என்று சில அம்மாமார் யோசிக்கிறீர்கள். தாராளமாகக் காணும். அரைக் கிலோ மாவில் பாண் போட 5 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். எங்கள் வெக்கைக்கு அதுவே விறுவிறென்று பொங்கும். கூடப் போட்டால் பாணில் ஈஸ்ட் மணம்தான் மிஞ்சும். நத்தாருக்கு ஜிஞ்சர் பியர் செய்பவர்களுக்கு 4 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி. அப்புறம், போத்தல் வெடித்தது என்று ஈஸ்டைக் குறை சொல்ல வேண்டாம். இறுக்கி மூடிய போத்தலில் சீனி மிஞ்சிக் கிடந்தால் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டேயிருக்கும். பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, அமத்திப் பார்த்துக் கல்லுமாதிரி இறுகியதும் பிரிட்ஜில் வையுங்கள்.

லண்டனிலிருந்து லீவில் வந்த தம்பிமார் பியருக்கு எவ்வளவு போடுவது என்று கேட்கிறார்கள். அங்கே 11 கிராம் பியர் ஈஸ்டில் 20 லீற்றர் செய்கிறார்கள். குளிரில் புளிக்கும் லாகர் வகைப் பியருக்கு அதன் இரட்டிப்பு. 11 கிராம் கணக்கில் பார்த்தால் அரைக் கிலோ 900 லீற்றருக்குக் காணும், எந்த வீட்டுக்கு அவ்வளவு வேண்டும்? பிரித்தானியாவில் 1963 முதல் வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்ச அனுமதி தேவையில்லை. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். தயவுசெய்து அதற்காக எங்களிடம் வராதீர்கள்.

ஈஸ்ட் செத்துவிட்டது என்ற முறைப்பாடும் வந்தது. பெரும்பாலும் கொதிதண்ணீர்தான் காரணம். 60 பாகைச் சூட்டில் ஈஸ்ட் தப்பாது. விரல் வைத்தால் இதமாக இருக்கிற தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, அதில் ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். கள்ளு முட்டியில் எழும்புகிற மாதிரி நுரை வந்தால் நல்ல ஈஸ்ட். உடைத்த பக்கெற்றில் மிச்சம் இருந்தால் காற்றுப் புகாமல் மூடி பிரிட்ஜில் வையுங்கள்.

கதைகளைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வழமைபோல வந்து, "நாங்கள் இருக்கிறோம்" என்று ஆறுதல் சொன்னவர்களை மறக்கமாட்டோம். மனமார்ந்த நன்றி. சிறு பக்கெற்றில் கிராம் விலை கொஞ்சம் கூட வரும். உடைத்த பக்கெற்றைத் திருப்பி எடுக்க முடியாது.

கடை உரிமையாளர்,
கிளிநொச்சி