ஐந்து சரி, ஆறாவது?

அன்புள்ள வேலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சில நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவன் வேறென்ன செய்வான்? மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடமாக ஐப்பசி மழை பொய்க்கவில்லை, அதை நம்பித்தான் நாற்று விட்டேன் என்று எழுதியிருந்தாய். மருமகள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நினைவுக்கு வந்தார். 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கிக்கொண்டே போ. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். மேலே வருவனவும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-ல் அவர் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார், பாவம்.

ஆறாவது எண் 65536-ன் வர்க்கத்தோடு ஒன்று, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண்தானா என்று நேர்வழியில் பார்க்க, 65536 வரையிலான 6542 பகா எண்களால் வகுத்தாக வேண்டும். பேரேட்டில் கூட்டல் போட்டே காலம் கழித்தவன் நீ. நாளைக்கு ஐம்பது வகுத்தாலும் உனக்கே நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் தம் நண்பரும் கணித மேதையுமான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மா சொன்னது தெரியுமா என்று கேட்டிருந்தார். ஆய்லர் முதலில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. பிறகு 1732-ல் 641 அந்த ஆறாவது எண்ணை மீதியின்றி வகுக்கும் என்று காட்டிவிட்டார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும் என்பதைப் பின்னாளில் நிரூபித்தார். அந்தக் கணக்கில் வருபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறான்!

இதை நான் படுத்தபடியே சரிபார்த்தேன். பத்து இலக்கத்தைத் தலையில் சுமக்க முடியாது, மீதியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். 65536-ஐ 641-ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. அந்த 154-ன் வர்க்கம் 23716. ஒன்றைக் கூட்டு, 23717. 641-ஐ 37-ஆல் பெருக்கிப் பார், அதே 23717! சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, மருமகள் கண் வலியோ என்று ஓடி வந்தாள். இன்னொரு காரணி 6700417.

ஃபெர்மாவின் துரதிர்ஷ்டத்தைப் பார். 65537-க்கு அப்பால் அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. அவர் கண்ணில் பட்ட ஐந்தோடு சரி. நாற்று எப்படி இருக்கிறது என்று எழுது. தண்ணீருக்கு மாற்று ஏற்பாடு ஏதாவது வைத்திருக்கிறாயா?

அன்புடன்,
சுந்தரம்

பின்குறிப்பு: ஏழாவது எண்ணுக்கு இருபது இலக்கம். அதை 1880-ல் பிரித்துக் காட்டிய லாண்ட்ரிக்கு அப்போது வயது 82. சின்னக் காரணி 274177. உனக்கு எழுபத்து நான்குதானே ஆகிறது, மீதியை வைத்துச் சரிபார்த்து எழுது.