சித்தப்பா, அந்தச் சாக்கைப் பற்றி

சித்தப்பா,

நேரில் சொல்லத்தான் போன ஞாயிறு கோத்தகிரிக்கு வந்தேன். நீங்கள் ஊர்க்கூட்டத்தில் இருந்தீர்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் பெட்டிக்கடையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் விற்பதைப் பற்றிச் சூடாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள், மகளிர் குழு அக்காக்கள் தலையாட்டினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் தம்பி எங்கே இருந்தான் தெரியுமா? டாஸ்மாக் வாசலில்.

குடிக்கப் போகவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய காலி பாட்டில் சாக்கோடுதான் போயிருந்தான்.

2022-ல் இருந்து நம்ம மாவட்டத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அது நல்ல திட்டம். காட்டில் யானை காலில் கண்ணாடி குத்தக்கூடாது என்று ஐகோர்ட் தலையிட்டு வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எஸ்டேட் லயன் வீடுகளில் ஆளாளுக்குக் குடித்துப் போட்டதைச் சேர்த்து, ஒன்பதாவது படிக்கிற பிள்ளையிடம் "போய் மாத்திட்டு வா, ரெண்டு பாட்டில் காசு உனக்கு" என்று சொல்வது எந்தத் திட்டம்?

அவன் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பெருவிரலால் ஸ்டிக்கரில் இருந்த மண்ணைத் துடைக்கிறான், குவார்ட்டர் ஒரு பக்கம், ஆஃப் ஒரு பக்கம் என்று அடுக்குகிறான், மூடியைப் பார்த்தே எந்தச் சரக்கு என்று சொல்கிறான். உள்ளே இருந்தவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஸ்வெட்டரில் வாடை. கேட்டால், சாக்கு நனையக் கூடாது என்று அடியில் மிச்சம் இருந்ததை ஓடையில் ஊற்றினானாம். ஊற்றியிருப்பான். நம்புகிறேன். (ஆனாலும் வழியில் இன்னொரு தடவை கேட்டேன்.) 21 வயது ஆகாதவனுக்கு அங்கே விற்கக் கூடாது என்பது விதி, அந்த வயது வருவதற்குள் இவன் அங்கே பழைய ஆள் ஆகியிருப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதில் சளி கட்டியபோது வெந்நீரில் ஒரு ஸ்பூன் பிராந்தி ஊற்றிக் கொடுத்தீர்கள். அன்பாகத்தான். தொண்டை எரிந்து, அப்புறம் உடம்பெல்லாம் கதகதப்பானது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சூடு பொய், சித்தப்பா. தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரிந்து உள்ளே இருக்கிற சூடு வெளியே போவதுதான் நமக்கு அப்படித் தெரிகிறது, உடம்பு என்னவோ குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தம்பிக்கும் அந்த ஸ்பூன் போகிறது என்று சித்தி சொன்னார்கள். டாக்டர் சொல்லாமல் 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மது கொடுத்தால் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். சரக்கைத் தூக்கிவர அனுப்பினாலும் அதே கதைதான். கொடுத்தவர் கடைக்காரரா அப்பாவா என்றெல்லாம் அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. மிரட்டவில்லை, கூட்டத்தில் சட்டம் பேசினீர்களே, அதனால் சொன்னேன்.

பெட்டிக்கடையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அந்தக் கூல் லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், புகையும் கிடையாது, டீச்சருக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் நம்ம ஊர்க்காரர்தான், முதலில் போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் போதைப்பொருள் புகார் எண் 10581-க்குப் போன் போடுங்கள். ஆனால் அவர் திருப்பி, "உங்க பையன் சாக்கோட போறானே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வருகிற ஞாயிறும் வருகிறேன். சாக்கை நாம் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போவோம், லயன் ஆட்களிடமும் பேசிவிட்டு அந்தக் காசைத் தனியாக எடுத்து வைப்போம். பசங்களின் வாலிபால் நெட் நடுவில் கிழிந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆடுகிறார்கள். புது நெட் என்ன விலை என்று குன்னூரில் விசாரித்து வைக்கிறேன்.