ஒரே வருடத்தில் மூன்று கோச்: எங்கள் பிள்ளைகள் யார் சொல்வதைக் கேட்பது?

மதிப்பிற்குரிய பேஸ்பால் லீக் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் விளையாடும் பையனின் அம்மா நான். இதே விஷயமாக மார்ச்சிலிருந்து இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். கவனிக்கிறோம் என்ற பதிலும் இரண்டு முறை வந்தது. இந்தத் தடவை தமிழிலும் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன், ஏனென்றால் மைதானத்து வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு என்னோடு உட்காரும் பெற்றோரில் தமிழ்க் குடும்பங்களே ஏழெட்டு இருக்கின்றன, அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன இலையுதிர் பருவத்தில் ஒரு கோச், வசந்தத்தில் இன்னொருவர், மே மாதப் பாதியில் மூன்றாமவர். ஏன் மாறினார்கள் என்று நான் கிளறப் போவதில்லை. மூவரும் நல்லவர்கள், வேலை முடிந்து களைத்து வந்து ஊதியமில்லாமல் நம் பிள்ளைகளுக்காக நின்றவர்கள். ஆனால் மூவரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாமவர் காலை அகட்டி வைத்து, பந்தை மேலிருந்து கீழாக அடிக்கச் சொன்னார். அடுத்தவர் காலைச் சேர்த்து வைத்து, முன்காலைத் தூக்கி, பந்தைத் தூக்கி அடிக்கச் சொன்னார். இப்போதிருப்பவர் இரண்டையும் மறந்துவிடு என்கிறார்.

போன சனிக்கிழமை என்ன ஆனது என்று சொல்கிறேன். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் நம் பையன் ஒருவன். என் மகன் பேட்டோடு போய் நின்றான். மூன்றாம் பேஸ் பக்கமிருந்து கோச் முழங்கையைத் தூக்கு என்றார், நம் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து உதவி கோச் இறக்கு, இறக்கு என்றார். அவன் காலை அகட்டினான், பிறகு சேர்த்தான், மறுபடி அகட்டினான். முழங்கை மேலே போய்ப் பாதியில் நின்றது. முதல் பந்து நடுவில் வந்தது, பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வருவதற்கு முன் திரும்பி ஒரு முறை டக்அவுட்டைப் பார்த்தான் பாருங்கள், அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று பந்து, மூன்றும் ஸ்ட்ரைக், அவன் அவுட், பேட்டை அசைக்கவே இல்லை. ஒன்பது வயதில் கண்ணை மூடிக்கொண்டாவது பேட்டை வீசுவான், இப்போது அதுவும் போய்விட்டது.

வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், "அம்மா, மூணு கோச்ல யார் சொன்னது சரி?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றுமே சரியாகக்கூட இருக்கலாம். மூன்றையும் ஒரே பிள்ளையின் உடம்பில் ஒரே வருடத்தில் ஏற்றியதுதான் தப்பு.

இது அம்மாவின் ஆதங்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பிரிவில் பந்து வீசும் மவுண்டிலிருந்து அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 46 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் வீசினால் பந்து முக்கால் விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் முழங்கையையும் காலையும் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? உடம்பு ஏற்கெனவே பழகியதைத்தான் அந்த நொடியில் செய்யும். அந்தப் பழக்கம் வருவதற்கு ஒரே அசைவை வாரம் தவறாமல், மாதக்கணக்கில், டீ என்னும் கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடித்து அடித்துப் பழக வேண்டும். பாதி பழகும்போது மாற்றினால் பழையதும் நிற்காது, புதியதும் வராது.

இச்சிரோ சுசுகியை உங்கள் எல்லோருக்கும் தெரியும், 2025இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர். ஜப்பானில் ஒரிக்ஸ் அணியில் அவர் தொடங்கியபோது, முன்காலை ஊசல்போல ஆட்டி அடிக்கும் அவருடைய முறை அணியின் தலைமை கோச் போன்ற அப்போதைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை, இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பிவிட்டார். 1994இல் ஓகி அகிரா மேலாளராக வந்தார். அவர் அந்த முறையில் கை வைக்காமல் தினமும் ஆட விட்டார். அந்த வருடமே இச்சிரோ 210 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) அடித்தார், ஜப்பான் லீக்கில் ஒரு பருவத்தில் 200ஐத் தாண்டியது அவர்தான் முதல். என் பையன் இச்சிரோ ஆகப் போகிறான் என்று சொல்லவில்லை. அவ்வளவு திறமை உள்ளவருக்கே, மாற்றாமல் விட்டுவைக்க ஒருவர் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் மகள் மிருதங்கம் கற்கிறாள், ஆறு வருடமாக ஒரே ஆசிரியர். முதல் வருடம் பாதிக்கு மேல் தகதிமி, தகஜுனு என்று அடிப்படைப் பாடத்தையேதான் வாசித்தாள், எனக்கே சலித்தது. இப்போது கேட்டால் அந்தச் சலிப்பெல்லாம் எதற்கு என்று புரிகிறது. ஆசிரியரை மாற்றினாலும் புதியவர் முதலில் கேட்பது, இதுவரை யாரிடம், எதுவரை கற்றாய் என்றுதான். நம் லீக்கில் கோச் மாறியபோது அப்படி யாராவது யாரையாவது கேட்டார்களா?

அதனால் திரும்பவும் கேட்கிறேன்: பருவம் தொடங்கி முடியும்வரை ஒரே கோச், ஒரே பாடம். தவிர்க்க முடியாமல் மாற்றினால், போகிறவரும் வருகிறவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பேசிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அது இதைவிடப் பயமானது. நம் அணியில் பந்து வீசும் பிட்ச்சர் ஒருவன் வியாழக்கிழமை 60 பந்து வீசினான். நம் லீக்கும் பின்பற்றும், சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி அதற்கு மூன்று நாள் ஓய்வு. சனிக்கிழமை காலையிலேயே அவன், கட்டணம் வாங்கி ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணிக்காக மறுபடி வீசினான், மாலையில் முழங்கையின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீசிய பந்துகளை எழுதும் நம் ஏட்டில் அந்தச் சனிக்கிழமை இல்லவே இல்லை, அவர்கள் ஏட்டில் வியாழக்கிழமை இல்லை. இந்த வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது, அதற்கு இந்த அணி அந்த அணி என்றெல்லாம் தெரியாது. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வீசிய இளம் பிட்ச்சர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 5 மடங்கு என்றும், களைத்த கையோடு அடிக்கடி வீசியவர்களுக்கு 36 மடங்கு என்றும் அலபாமாவில் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2006இலேயே சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த கையேட்டில்கூட ஓய்வு நாள் அட்டவணை இருக்கிறது. அட்டவணையை அச்சடித்தால் போதுமா, யாராவது கூட்டிப் பார்க்க வேண்டாமா?

இந்த டிராவல் அணிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் கை நிற்காது. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குத் தரவரிசை, மாதாமாதம் கட்டணம், வாரக்கடைசியில் ஹோட்டல், அதற்கு மேல் தனி கோச், அவர் நான்காவதாக ஒரு பாடம். பணம் கட்ட முடிந்தவன் முன்னேறுவான், முடியாதவன் பெஞ்சில் உட்காருவான் என்று ஆகிவிட்டது. அருகிலிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் விளையாடத்தானே ஊர் லீக் என்று ஒன்று இருக்கிறது? அதிலும் ஏப்ரலில் மழை என்று ரத்து, மே மாதம் கோச் இல்லை என்று ரத்து, செவ்வாய்ப் பயிற்சி புதனாகி, புதன் இல்லாமலே போகிறது. மழைக்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். மற்றதற்குச் சொல்வேன்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களில் பலரும் என்னைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து இந்தப் பொறுப்பைச் சுமப்பவர்கள். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இருட்டும் வரை மைதானத்தில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் தயவுசெய்து கேட்கிறேன். இலையுதிர் பருவத்துக்கான பதிவு திறக்கும் முன், ஒவ்வொரு அணிக்கும் பருவம் முழுக்க இருப்பவர் யார் என்று முடிவு செய்து அறிவியுங்கள். பயிற்சி நாள் எது என்று சொன்னால் அந்த நாளே இருக்கட்டும். வேறு அணிகளில் எத்தனை பந்து வீசினான் என்று பெற்றோரிடம் வாரா வாரம் கேட்டு ஒரே ஏட்டில் எழுதுங்கள், எழுத ஆளில்லை என்றால் நான் வருகிறேன், ஏட்டையும் நானே வாங்கித் தருகிறேன்.

என் மகன் இலையுதிருக்கு வரமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டான். இந்த ஒரு வாரம் பார்க்கலாம் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அவனை மைதானத்தில் இறக்கிவிடுவேன். அன்று அவனுடைய முழங்கை மேலேயா கீழேயா என்பதை கோச்சும் உதவி கோச்சும் தங்களுக்குள் முன்பே பேசி வைத்துக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் லீக்கில் நான்காவது வருடமாக விளையாடும் ஒரு பையனின் அம்மா